பொட்டு வைத்த சிடிகள்

ஆனந்த்ராஜ் பையிலிருந்து நான்கு சிடிகளை எடுத்து மேசைமேல் பரப்பினான். பொட்டு போக நான்கும் வெள்ளை வெளேரென்று இருந்தன. எதிலும் பெயர் இல்லை.

ஜோஸ்பின் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா ஆயுத பூஜைக்குன்னு ஈரத்துணிய வச்சுத் தொடச்சுப் பொட்டு வச்சுருச்சு" என்றான்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனுக்கு ஆயுதம் சிடிதானே. ஸ்குரூ டிரைவரைத் துடைத்த கையோடு சிவனம்மாள் சிடிகளையும் பளபளவென்று துடைத்துவிட்டார். மகன் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி வைத்திருந்த எக்ஸ்பி, 2000 எல்லாம் துணியோடு போய்விட்டன. போன மாதம் ஜோஸ்பின் இரவல் கொடுத்த விண்டோஸ் 98 சிடியும் அதற்குள்தான் கிடந்தது. மாறிவிடக் கூடாது என்று அதன்மேல் 'ஜோஸ்பின்' என்றே எழுதியிருந்தான். அதுவும் போச்சு.

வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

பேகம்பூரில் பத்திரிகை, நோட்டீஸ் அடித்துக் கொடுக்க அவள் நடத்தும் டிடிபி கடையின் ஒரே கம்ப்யூட்டர் காலையில் படுத்துவிட்டது. அதற்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை மாட்டிக்கொண்டிருந்தது. மணமகள் அவள். மணமகன், இதோ எதிரே திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பவன்.

வேதக்காரப் பெண், கிறிஸ்தவ வீட்டுப் பெண் வேண்டாம் என்று மூன்று வருடமாக முகம் கொடுக்காமல் இருந்த சிவனம்மாள் போன வாரம்தான் தலையாட்டினார். அதிலும் ஒரு கொக்கி. விஜயதசமியன்று விளக்கு வைப்பதற்குள் முதல் பத்திரிகை தாடிக்கொம்பு வீட்டில் அவர் கைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் சாமிக்குச் சம்மதம் இல்லை, பேச்சு அதோடு முடிந்தது.

விஜயதசமி இன்றுதான்.

ஜோஸ்பினின் தமிழ் எழுத்துருக்கள் விண்டோஸ் 98-இல் மட்டும்தான் ஓடும். வேறு எதையாவது ஏற்றிவிட்டால் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். வேறு கடைக்கு ஓடலாம் என்றால் நேற்று ஆயுத பூஜைக்குப் பூட்டிவிட்டுப் போனவர்கள் யாரும் இன்னும் திறக்கவில்லை.

சிவனம்மாள் தெரியாமல்தான் துடைத்தாரா?

அந்தக் கேள்வி தொண்டை வரை வந்தது. ஜோஸ்பின் அதை விழுங்கிவிட்டு முதல் சிடியை எடுத்தாள். மூன்று சிடிகளில் அளவாக ஒரு குங்குமப் பொட்டு. நான்காவதில் சந்தனம் கனமாக அப்பியிருந்தது. டிரைவ் பாழாகிவிடும் என்று அதைச் சரியாகப் பார்க்காமலே ஓரமாகத் தள்ளினாள்.

முதல் சிடி சுற்றியது. நீலத்திரை வந்தது. அடியில் எதை எதையோ ஏற்றிக்கொண்டே போனதே தவிர, எந்த விண்டோஸ் என்று மட்டும் சொல்லவில்லை. ஆனந்த்ராஜுக்குப் பொறுமை போய்க் கை கீபோர்டுக்குப் போனது.

"பேரு வர்ற வரைக்கும் எண்டர்ல கை வச்சீங்க, தாலி கட்டக் கை இருக்காது, பாத்துக்கங்க!"

கை பின்வாங்கியது. செத்த நேரம் கழித்துப் பெயர் வந்தது. எக்ஸ்பி.

இரண்டாவது சிடி நல்ல பிள்ளை. எடுத்த எடுப்பிலேயே திரையின் தலையில் 2000 என்று சொல்லிவிட்டது. மூன்றாவது சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டுச் சும்மா நின்றது. அதில் விண்டோஸே இல்லை.

மிச்சம் இருந்தது சந்தனச் சிடி.

டிரைவ் இதைப் படிக்காமல் போனால் மூன்று வருடக் காத்திருப்பும் போச்சு. தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோணியாரை ஜோஸ்பின் வேண்டிக்கொண்டாள். ஆனந்த்ராஜ் யாரை வேண்டினானோ, அவன் உதடும் அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டு சிடியை உள்ளே தள்ளினான்.

டிரைவ் உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. விண்டோஸ் 98.

ஜோஸ்பின் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடை பக்ருதீன் பாய் எட்டிப் பார்த்து, யாருக்குக் குழந்தை பிறந்தது என்று கேட்டார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனந்த்ராஜ் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

விண்டோஸ் ஏறி, எழுத்துருக்கள் ஏறி, பத்திரிகை திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரு எழுத்தும் உடையவில்லை. உச்சியில் மட்டும் இடம் வெறுமையாக இருந்தது. சிலுவை போட்டால் அவன் அம்மாவுக்கு ஆகாது, பிள்ளையார் சுழி போட்டால் அவள் அப்பா சிலுவைமுத்துவுக்கு ஆகாது. இரண்டுமே வேண்டாம் என்று இவர்கள் இருவரும் பேசி முடிவு செய்த இடம் அது.

பிரிண்டர் முதல் பத்திரிகையைத் தள்ளியது. ஆனந்த்ராஜ் அதைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வண்டியை உதைக்க வெளியே ஓடினான்.

ஜோஸ்பின் சிடியை வெளியே எடுத்தாள். மறுபடி மாறிவிடாமல் பெயர் எழுதி வைக்கலாம் என்று பேனாவைத் திறந்தாள்.

அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

மற்ற மூன்றிலும் இருந்த குங்குமப் பொட்டு இதில் இல்லை. சந்தனத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதன் குறுக்கே, கொஞ்சம் மேலே தள்ளி, சின்னதாக இன்னொரு கோடு. விரல் ரேகை அப்படியே காய்ந்திருந்தது. துடைப்பதற்கு முன் சிவனம்மாள் பெயரைப் படித்திருக்கிறார்.

ஜோஸ்பினுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனாவை மூடினாள். அந்தச் சிடிக்குப் பெயர் தேவையில்லை.

"ஏங்க, வண்டிய ஆஃப் பண்ணுங்க, செத்த இருங்க!" என்று வாசலைப் பார்த்துக் கத்திவிட்டு, பத்திரிகையை மறுபடி திறந்தாள். உச்சியில் வெறுமையாக விட்டிருந்த இடத்தில் ஒரு பிள்ளையார் சுழி போட்டு, பிரிண்டருக்கு அனுப்பினாள்.

அப்பாவிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.