தேனீக்காரனின் பந்தயம்

"பூச்சியை நம்பிப் பொண்ணைக் கொடுக்கச் சொல்றியா?"

காங் போட்ட சத்தத்தில், டீக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

எதிரே நின்ற வென்தாவ், தேனீப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு பூக்கும் ஊர்களுக்கெல்லாம் போகிறவன். காங்கின் மகள் ருயிங்கைப் பெண் கேட்டு வந்திருந்தான். காங்கின் ஊர் இருந்த பள்ளத்தாக்கில் பூச்சி மருந்தடித்து மருந்தடித்தே தேனீக்கள் ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பேரிக்காய் மரங்கள் பூத்தால் மனிதர்களே மரமேறி, கோழி இறகு கட்டிய மூங்கில் குச்சியால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவ வேண்டும்.

"என் தேனீங்க அந்த வேலைய இனாமாப் பண்ணும் மாமா."

"பண்ணட்டும். என் ஆத்தங்கரைப் பேரித் தோட்டத்துல இந்த வருஷம் மருந்தும் கிடையாது, குச்சியும் கிடையாது. மரம் காய்ச்சா பொண்ணு உனக்கு. இல்லேன்னா பெட்டியத் தூக்கிட்டு நடையைக் கட்டு. அப்புறம் மாமா கீமான்னு வந்தே, காலை உடைச்சிடுவேன்!"

டீக்கடையே சாட்சி.

பேரி பூத்தது. வென்தாவ் பெட்டிகளைத் திறந்தான். தேனீக்கள் தோட்டத்தை ஒரு வட்டம் அடித்துவிட்டு, ஆற்றைத் தாண்டி, மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த கடுகு வயலுக்குப் போய்விட்டன. மறுநாளும் அதேதான். பேரிப்பூவின் தேனில் அவ்வளவாக இனிப்பில்லை. தேனீக்கும் நாக்கு இருக்கிறதே!

ருயிங் அழுது முடித்துவிட்டு, தன் இறகுக் குச்சியையும் மகரந்தச் சீசாவையும் அவன் கையில் திணித்தாள். "அப்பா மத்தியானம் தூங்குவாரு. அப்ப ஏறு."

ஏறுவதா? ஏணியில் மூன்று படிக்கு மேல் போனால் வென்தாவுக்கு உலகமே சுற்றும். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கைக்கு எட்டிய கீழ்க்கிளைகளுக்கு மட்டும் தடவினான். யாராவது பார்த்துவிட்டால் கல்யாணம் போச்சு. உச்சியை அண்ணாந்து பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கிவிட்டான்.

அறுவடைக் காலத்தில் ஆற்றங்கரைத் தோட்டத்தைப் பார்க்க ஊர் திரண்டது. கீழ்க்கிளை மட்டுமா? உச்சிக் கிளைகளும் பாரம் தாங்காமல் வளைந்து கிடந்தன. வென்தாவுக்கே நம்ப முடியவில்லை. பிறகு நம்பினான். பிறகு அதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டான்.

கல்யாண விருந்தில் மூன்றாவது கோப்பைச் சாராயம் உள்ளே போனதும் அவன் குரல் உயர்ந்தது.

"கீழ்க்கிளையாவது பரவாயில்ல. உச்சியப் பாத்தீங்கல்ல? அங்கதான் நிக்குது என் தேனீங்களோட கெட்டிக்காரத்தனம்!"

"என்ன காங், பூச்சிகிட்ட தோத்துட்டியே!" என்று ஊர் கைகொட்டிச் சிரித்தது.

காங் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, மாப்பிள்ளையின் கோப்பையை நிரப்பினார். அப்படியே அவன் காதோரம் குனிந்தார்.

"மெதுவாப் பேசு மாப்ளே. ஊர் முன்னால வாயை விட்டுட்டேன், வீட்டுல பொண்ணு அழுவுறா, எனக்கு மத்தியானத் தூக்கம் எங்கேருந்து வரும்? நீ கீழ்க்கிளையத் தடவிட்டு இறங்கிப் போனதும், உச்சிக் கிளைக்கு ஏறின தேனீ நான்தான்!"