கேரம் போர்டில் ஒரு நீலத் துண்டு

மழை மூடிய மதியம். கம்பெனியில் பிரஸ் மிஷினுக்கு இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு வந்த ஸ்டீவன், பிசியோ டாக்டர் சொல்லி வாங்கிய நூறு அட்டைத் துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் பசில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மிச்ச விரல்கள் பழக வேண்டுமாம். துண்டுகளை எதன்மேல் பரப்புவது என்று அவன் மனைவி கிறிஸ்டினா வீட்டைச் சுற்றி வருகிறாள். சிமெண்டுத் தரையில் ஓதம் ஏறியிருக்கிறது, அட்டை உப்பிவிடும். மெத்தையில் ஒன்றைப் பொருத்தினால் இன்னொன்று எழும்புகிறது. எவர்சில்வர் தட்டில் கால்வாசிப் படம்கூட அடங்கவில்லை. வழவழப்பாக, நான்கு பக்கமும் விளிம்பு கட்டிய பலகை ஒன்று சுவர் ஆணியில் தொங்குகிறது. அந்தப் பக்கம் மட்டும் அவள் பார்ப்பதில்லை.

“கேரம் போர்டை எறக்கு,” என்கிறான் ஸ்டீவன்.

“வேணாம். ஞாயித்துக்கெழம பொன்னேரி போறப்ப பிளைவுட் வாங்கியாறேன்.”

“சும்மாதான தொங்கிக்கினு கீது.”

இறக்கித் துடைத்து அவன் முன்னால் வைக்கிறாள். மூலைகளில் அவன் ஆடிய நாட்களின் பழைய பவுடர் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. தூரத்தில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதுகிறது. பெட்டியிலிருந்து ஒரு நீலத் துண்டை எடுத்து, ஸ்ட்ரைக்கர் வைக்கும் கோட்டின்மேல் வைக்கிறான். எதிர் மூலைக் குழியைப் பார்க்கிறான். ஆள்காட்டி விரலில் மிஞ்சியிருக்கும் ஒரு கணு தானாகவே மடங்கிச் சுண்டுகிறது. துண்டுவரை அது எட்டவில்லை. கிறிஸ்டினா பெட்டி மூடியில் இருக்கும் ஏரிப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.