வலது முன்னங்கால்

கால்நடை மருத்துவமனையில் தன் நாயோடு எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தார் பஸ் டிரைவர். பக்கத்தில் நாயில்லாமல் தனியாக உட்கார்ந்திருந்த பெண், அவருடைய நாயின் வலது முன்னங்காலையே பார்த்தாள்.

"இப்ப ஊன்றி நடக்குதா?"

"நடக்குதும்மா. உடைஞ்ச எலும்பு சேரவே இல்ல. நடுவுல வேற எலும்பு வச்சுத்தான் ஒட்ட வச்சாங்க."

"மாடி ஏறுதா? வலியில கத்துதா?"

இவள் ஏன் இப்படிக் குடைகிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. "உங்க நாய் உள்ள இருக்காம்மா?"

"தொட்டுப் பார்க்கலாமா?" என்றவள், அந்தக் காலை மட்டும் தடவினாள். டிரைவர் குழம்பிப்போய் நாயைத் தன் பக்கம் இழுத்தார்.

வெளியே வந்த டாக்டர், "இழுக்காதீங்க சார். அந்தக் கால்ல வச்சிருக்கிறது, இவங்க வளர்த்து செத்துப்போன நாயோட எலும்பு" என்றார்.

டிரைவர் சங்கிலியை அவள் கையில் கொடுத்தார்.

"ஒரு சுத்து நடத்திட்டு வாங்கம்மா."