கொக்கி பிசகாத மாப்பிள்ளை

“இந்தப் பையனும் வேண்டாம்” என்று சேஷன் சிவப்புப் பேனாவை மூடினார். எதிரே நின்ற மகள் ஜானவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பையன் டாக்டர். ஜாதகம் பொருத்தம், நல்ல குடும்பம், திருவனந்தபுரத்தில் கரமனையிலேயே சொந்த வீடு. இதெல்லாம் சேஷனுக்கு ஒரு பொருட்டா? இரண்டு தங்கைகள் உண்டு என்று பயோடேட்டாவில் இங்கிலீஷில் எழுத வந்தவன், ‘சிஸ்டர்ஸ்’ என்ற சொல்லில் கடைசி எழுத்துக்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி என்கிற கொக்கியை மாட்டித் தொலைத்திருந்தான்.

“வெறும் பன்மைக்குக் கொக்கி போடறவன் ஊசியை எங்கே கொண்டு போடுவானோ” என்றார் சேஷன்.

செக்ரட்டேரியட்டில் பிறத்தியார் எழுதின ஃபைலைத் திருத்தித் திருத்தியே பென்ஷன் வாங்கின மனுஷர். ரிட்டையரான பிறகு திருத்த ஃபைல் இல்லை, மாப்பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பேங்க் ஆபீசர், ஒரு லெக்சரர், பெங்களூர் ஐ.டி.க்காரன் ஒருத்தன் என்று எல்லாரும் அந்தக் கொக்கியில் சிக்கிப் போனார்கள். பெண்ணுக்கு முப்பதாகப் போகிறதே என்று மனைவி அனந்தலக்ஷ்மி அழுதால், முட்டாளுக்குக் கொடுப்பதைவிட வீட்டிலேயே இருக்கட்டும் என்பார்.

போனில் வருகிற பயோடேட்டாவைப் படிக்க அவர் கண் ஒத்துழைக்காது. ஜானவிதான் பெரிய எழுத்தில் அடித்து பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும். வந்தது வந்தபடி இருக்கணும், ஒரு புள்ளி மாறக் கூடாது என்று அவளுக்குக் கண்டிப்பான உத்தரவு.

ஜானவி அடுத்த காகிதத்தை நீட்டினாள். மஹேஷ், வீடு ஸ்ரீவராகத்தில், கல்யாண சமையல் காண்ட்ராக்ட்.

சேஷன் உதட்டைப் பிதுக்கினார். கரண்டி பிடிக்கிறவனுக்கு இங்கிலீஷ் ஒரு கேடா என்று முணுமுணுத்தபடி பேனாவைத் திறந்தார். முதல் வரியில் ஒன்றும் அகப்படவில்லை. கடைசி வரி வரை போய், நம்ப முடியாமல் மறுபடி மேலே வந்தார். பேனாவுக்கு வேலையே இல்லை.

“ஏன்னா, சமையல்காராளாத்துக்கா பொண்ணைக் குடுக்கறது?” என்றாள் அனந்தலக்ஷ்மி.

“நோக்கு என்ன தெரியும்? ஒரு கொக்கி பிசகலை. இப்படி எழுதறவன் குடும்பத்தையும் ஒழுங்கா நடத்துவான். ஞாயித்துக்கிழமை அவாளை வரச் சொல்லு.”

திருவனந்தபுரத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே பிள்ளையைத் தான்தான் கண்டுபிடித்ததுபோல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காபி கேட்டார். அவரை ஏமாற்ற இனி ஒருத்தன் பிறந்து வர வேண்டும் என்ற நினைப்பு.

ஜானவி மொட்டை மாடிக்கு ஏறிப் போய் போனைக் காதில் வைத்தாள்.

“அப்பா சம்மதிச்சாச்சு, மஹேஷ். மத்தவா இங்கிலீஷைக் கெடுக்கறது ஈசியா இருந்தது, கேட்டியா. உன்னோடதைத் திருத்தறதுக்குள்ளதான் எனக்குப் பிராணன் போயிடுத்து.”