இரண்டு புள்ளி

தம்பி இருந்தவரை, அண்ணன் டீ குடிக்க எழுந்தால் போதும், கம்ப்யூட்டரில் பதிவான பாட்டில் தன் டிரம்ஸ் சத்தத்தை இரண்டு புள்ளி ஏற்றிவிடுவான். "உன் கிட்டார் என்னை முழுங்குதுண்ணா" என்பான். பேஸ் கிட்டாரின் சத்தம் மட்டும் இருவருக்கும் நடுவில் வம்பில்லாமல் கிடக்கும்.

தம்பி இறந்து மூன்று மாதம் கழித்து, இருவரும் வீட்டில் பதிவு செய்த கடைசிப் பாட்டைச் சரிசெய்ய அண்ணன் தனியாக உட்கார்ந்தான். டீ குடித்துவிட்டு வந்தான். டிரம்ஸ் இரண்டு புள்ளி இறங்கியிருந்தது. அடுத்த டீக்கு இன்னும் இரண்டு. ஏற்றிப் பார்த்தான், ஏறவில்லை.

"நீ இதைத் தொட்டியா?" என்று கேட்டான்.

"எனக்கு அதைத் திறக்கவே தெரியாதுங்க" என்றாள் மனைவி. "எழுந்து வாங்க, டீ ஆறுது."

"வேணாம். இன்னும் இறங்கினா அவன் வாசிச்சது கேக்கவே கேக்காது."

டீ ஆறிப்போனது. முதுகு வலித்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை.