செத்த கிருமியின் தோல்

“செத்துப்போன கிருமி எப்படிம்மா காய்ச்சல் குடுக்கும்?” என்று என் மகள் கிசாக்யே ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள்.

கிருமி போனாலும் அதன் தோல் மிஞ்சும், அந்தத் தோலே விஷம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

இன்று எனக்கே எதுவும் புரியவில்லை.

என்டெபே ஆய்வகத்தில், கிருமிக்குள் வளர்த்தெடுத்த டி.என்.ஏ.விலிருந்து அந்தத் தோல்விஷத்தை நீக்குவது என் வேலை. சோப்புத் திரவம் கலந்து பனிக்கட்டியில் வைத்தால் தெளியும். வெதுவெதுப்பில் வைத்தால் கலங்கி, சோப்பு விஷத்தோடு அடியில் இறங்கும். மேல்நீரை மட்டும் எடுப்பேன். மூன்று முறை.

கடைசியில், விஷம் பட்டால் உறையும் மருந்தைச் சேர்த்து, சோதனைக் குழாயைக் கவிழ்த்துப் பார்ப்பேன். வழிந்தால் சுத்தம். உறைந்து நின்றால் விஷம்.

இந்த வாரத்தில் நான்காவது முறையாக உறைந்து நின்றது.

நாளை காலை எலிகளுக்கு ஊசி. தவறினால் என் ஓராண்டு வேலை வேறு குழுவுக்குப் போய்விடும்.

“உன் கையிலதான் விஷமோ என்னமோ, கிசாக்யே அம்மா. வா, மத்தோக்கே வாழைக்காய் மசியல் ஆறிடப்போகுது,” என்று சொல்லிவிட்டு எதிர்மேசை கிகோசி சாப்பிடப் போனான்.

சோப்பு புதிது. தண்ணீர் புதிது. கண்ணாடிப் புட்டிகள்கூடச் செவ்வாய்க்கிழமை சுட்டவை.

நீராவியில் கிருமி சாகும், தோல் போகாது. அதற்காகத்தான் புட்டிகளை மின் அடுப்பில் இருநூற்றைம்பது டிகிரியில் சுடுகிறோம்.

அடுப்பு நோட்டைப் புரட்டினேன். சாய்ந்த கையெழுத்தில், ‘செவ்வாய் மாலை ஏழு மணி. கிகோசி.’

செவ்வாய் ஏழு மணிக்கு மழை கொட்டியது. ஐந்து நிமிடத்தில் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. வீட்டில் கிசாக்யே மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணக்குப் போட்டாள்.

கரண்ட் திரும்பினாலும் இந்த அடுப்பு தானாக எரியாது. பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். கிகோசி அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பான். காலையில் வந்து, சுட்டு ஆறியவை என்று நம்பி எடுத்து அடுக்கியிருப்பான்.

தலைவரிடம் சொல்ல எழுந்தேன். கிகோசி ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியவன். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

உட்கார்ந்தேன்.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். புட்டிகளைத் திரும்ப அடுப்பில் அடுக்கினேன். நோட்டில், ‘கரண்ட் போனதால் மறுபடி சுட்டது. நலுபேகா’ என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதவில்லை.

சுட்டு ஆறிய புட்டிகளில் எல்லாவற்றையும் திரும்பச் செய்து, மாலையில் குழாயைக் கவிழ்த்தேன். வழிந்தது.

அன்று கிசாக்யே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, நான் வேலைக்கு வராத பதினொரு நாளும், ஆய்வகத்தில் என் பெட்டியில் விஷம் நீக்கிய குழாய்கள் நிறைந்துகொண்டே இருந்தன. யார் செய்தது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

குழாய்களின் மேல் ஒட்டிய சீட்டுகளில் இருந்தது, அடுப்பு நோட்டில் கிகோசி எழுதியிருக்கும் இதே சாய்ந்த கையெழுத்து.