முதல் தர இடுப்பு

பூபதி ராஜபாளையம் நாய் வளர்த்து விற்பவன். இடுப்பு எக்ஸ்ரேயில் தேறாத குட்டிக்குச் சான்று கிடையாது. அதனால் ஓர் ஈற்றுக்கு ஒரு நல்ல குட்டியையே மற்றக் குட்டிகளின் பெயரிலும் திரும்பத் திரும்பப் படமெடுக்கக் கொண்டுபோவான். வாங்கியவர்கள் நொண்டும் நாயோடு வாசலில் வந்து நின்றால், "சான்று சரியாத்தானே இருக்கு. நீங்க வளத்தது சரியில்ல" என்பான்.

பிறகு மனிதப் பிள்ளைகளுக்கும் அந்த இடுப்புச் சான்றை அரசு கட்டாயமாக்கியது. தேறாத பெண்ணுக்குத் திருமணப் பதிவு இல்லை. பூபதிக்கு இரட்டைப் பெண்கள். கைக்குழந்தையாக இருந்த இளையவள் பூரணியின் காலை மடக்கி விரித்தபோது இடுப்பில் சொடுக்கென்றது. குட்டிகளிடம் கேட்டுப் பழகிய சத்தம். இருவர் பெயரிலும் படமெடுக்க, இரண்டு தடவையும் மூத்தவள் தாரணியையே தூக்கிப்போனான்.

ஒன்றரை வயதில் பூரணி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். அவனும் மனைவி சந்தனமாரியும் அவளை டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

"கோளாறுன்னா கைக்குழந்தையிலயே காலுக்கு வார் கட்டிச் சரிபண்ணியிருப்போம்" என்றார் டாக்டர். "இவ சான்றுல முதல் தரம்னு இருக்கு. முதல் தர இடுப்புக்கு வைத்தியம் எழுத எனக்கு அனுமதி இல்ல. சான்று சரியாத்தான் இருக்கு. நீங்க வளத்தது சரியில்ல."

அந்தப் பேச்சைச் சந்தனமாரி தன் வீட்டு வாசலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு எந்தப் பிள்ளையத் தூக்கிட்டுப் போனீங்க?"